பலகைக்குக் கீழே நடுவில் நின்றவள்

பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கிற வேலைக்குப் பாடசாலையில் எனக்குத் தந்தது விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறை. ஒரே ஒரு யன்னல், அதற்கும் கம்பிவலை. வலைப்பந்துகளையும் கயிறுகளையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இரண்டு கதிரை போட்டேன். வன்னியில் ஒட்டுசுட்டானிலிருந்து இன்னும் உள்ளே போகவேண்டிய ஊர் அது. உளவளத்துணை என்றால் அங்கே விசருக்கு, பைத்தியத்துக்கு, வைத்தியம் என்றுதான் அர்த்தம். அதனால் பிள்ளைகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். என்னிடம் வருகிறவர்கள் கையில் ஒரு பந்தோடு வரவேண்டும், யாராவது கேட்டால் காற்றடிக்கப் போவதாகச் சொல்லவேண்டும். வேறெந்தப் பாடசாலையிலும் பந்துகளுக்கு இவ்வளவு காற்றுப் போயிருக்காது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வியாழக்கிழமைகளில் வந்தாள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். இவள் சித்தி வீட்டில் வளர்ந்தாள். முதல் ஐந்து வியாழனும் யானைக் கதைதான். எந்த வேலி உடைந்தது, யாருடைய வாழை போனது என்று ஒன்று விடாமல் சொல்வாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். யானையைப் பற்றிக் கதைக்கிற பிள்ளை ஒருநாள் வீட்டைப் பற்றியும் கதைக்கும் என்பது என் அனுபவம். ஆறாவது கிழமை எழும்பிப் போனவள் வாசலில் நின்றாள்.

“ரீச்சர், ஒண்டு சொல்லவேணும். வாற கிழமை சொல்லட்டே?”

“இப்பவே சொல்லலாமே?”

“இல்லை, யோசிச்சு வைச்சிட்டு வாறன்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நானும் சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

எனக்குச் சம்பளம் தந்தது அரசாங்கமில்லை. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம், எங்கள் பக்கத்து ஆட்கள்தான், இறந்துபோன தங்கள் தாயின் நினைவாக இந்த வேலைக்கு உதவி செய்தார்கள். வன்னியில் இது வழக்கம். திவசம் வந்தால் ஏதாவது ஒரு பாடசாலைக்குச் சாப்பாடு வரும், அல்லது எழுதக் கொப்பி, சைக்கிள் வரும். பின்னால் அமரரின் படம் போட்ட பதாகை, முன்னால் பிள்ளைகள், அன்றைக்கே முகநூலில் படம். கொப்பி வாங்குகிற பிள்ளைக்கு அது போகட்டும். மனதில் கிடக்கிறதைச் சொல்ல வருகிற பிள்ளையையும் அப்படி நிறுத்தலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை திவசம். அவள் வருவதற்கு ஒருநாள் முன்னதாக, அந்த அம்மாவின் மகனும் மகளும் பெயர்ப்பலகையோடு வந்து இறங்கினார்கள். மேலே தாயின் படம். கீழே, ‘மனநலம் பாதிக்கப்பட்ட வறிய மாணவர்களுக்கான நிலையம்’ என்று கொட்டை எழுத்து.

“இந்த அறைக்கு வாற பிள்ளையள் நாலுபேர் அம்மான்ர படத்துக்குக் கீழ நிண்டால் எங்களுக்கு ஒரு ஆறுதல்,” என்று சொல்லும்போதே மகள் அழுதுவிட்டார்.

முன்னுக்குப் போனால் கடிக்கும், பின்னுக்குப் போனால் உதைக்கும். மாட்டேன் என்றால் அறையை மூடவேண்டி வரும், ஓம் என்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள். “அதை அதிபரிட்டைக் கேளுங்கோ,” என்று நழுவினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கோழைத்தனமான வசனம் அதுதான்.

எங்கள் பாடசாலை அதிபர் நல்ல மனிதர். யார் யார் பந்தோடு போகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு கேள்வி கேளாதவர். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகப்பை கிடைக்கட்டுமே என்றுதான் ஒலிவாங்கியில் பெயர்களை வாசித்தார். முழுப் பாடசாலையும் வெயிலில் நின்று கேட்டது. உயரமானவள் என்று அந்த வியாழக்கிழமைப் பிள்ளையை நடுவில் விட்டார்கள், பக்கத்தில் நான்.

“ரீச்சர், பிள்ளையின்ர தோளிலை கையை வையுங்கோ,” என்றார் படம் எடுத்தவர். வைத்தேன். கல்லைத் தொட்டது போல இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. பின்னேரம் குவைத்திலிருந்து தாயின் அழைப்புத்தான் வந்தது. படம் தாயின் கைபேசி வரைக்கும் போயிருந்தது.

“என்ர பிள்ளைக்கு என்ன விசரே? நாளைக்கு ஆர் அவளைக் கட்டுவினம்? அவளுக்கு அங்க என்ன நடந்தது, சொல்லுங்கோ ரீச்சர்.”

“எனக்குத் தெரியாது அம்மா. பிள்ளை இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“ஒண்டும் தெரியாமத்தான் போர்டுக்குக் கீழ விட்டனீங்களோ?”

அந்தப் பக்கம் யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். தொடர்பு அறுந்தது.

பிறகு அவள் மட்டுமில்லை, ஒருவரும் வரவில்லை. அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டால் நாற்பது தலை திரும்பும். சித்தி வீட்டுக்குப் போனால் விசர் ரீச்சர் வந்ததாக ஊர் முழுக்கக் கதை போகும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளின் கந்தோருக்குப் போகலாம் என்றால் என்னவென்று சொல்வது? ஒரு பிள்ளை ஏதோ சொல்ல நினைத்தது என்றா? வெளிநாட்டுக் குடும்பத்துக்கு நல்ல சந்தோசம். இன்னும் இரண்டு வருடத்துக்கு உதவுவதாக எழுதி, மின்விசிறியும் வாங்கித் தந்தார்கள். தினமும் எட்டு மணிக்குப் போய் அதன் கீழே தனியே இருந்தேன். வேலையை விட்டுவிட நினைத்தேன். விட்டால் அவள் மனம் மாறி வருகிற நாளில் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்ற பயத்தில் விடவும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, பாடசாலை விட்ட பிறகு, சைக்கிள் கொட்டிலில் அவளைத் தனியே கண்டேன். கழன்ற செயினைக் கொழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அண்டைக்கு ஒண்டு சொல்லவேணும் எண்டனீங்கள் பிள்ளை. இங்க ஒருத்தரும் இல்லை. இப்ப சொல்லுங்கோவன்.”

அவள் விரலில் இருந்த கிறீசை ஒரு இலையில் துடைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதைச் சொன்னா அதுக்கும் படம் எடுப்பினமோ ரீச்சர்?”

“இல்லையம்மா. சத்தியமா இல்லை.”

அவள் சரியென்று தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. சைக்கிளில் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போனாள்.