இடது கன்னத்து வெள்ளைப் படை

மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள் நான். வேலை முடியும்வரை வெற்றிலை இடது கன்னத்தில் அடங்கியிருக்கும். அங்கே உட்புறம் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. சுண்ணாம்பு சுட்டுவிட்டதென்று நினைத்து, வெற்றிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு மாதம் போனது.

வாய்ப் புற்றுநோய் பற்றி ஆய்வு செய்ய வந்த டாக்டரம்மா, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் எங்கள் வாயைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலியே இல்லீங்க."

"அதனாலதாம்மா யாரும் காட்ட வர்றதில்ல."

பதுளை ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். செதிள் செல் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். அறுவை சிகிச்சையில் பிழைத்தேன். இப்போது வாய் இரண்டு விரலளவுதான் திறக்கிறது. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

வெற்றிலையை விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை, கூட வேலை செய்யும், இன்னும் வெற்றிலை போடும் செல்வியின் வாயைப் போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையேக்கா" என்பாள்.

"எனக்கும் இல்லடி. வாயைத் தொற."