சொல்லாமல் எடுக்காதவன்

சேரனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் அவனோடு நாலரை வருஷம் வேலை பார்த்தவன் நான். அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டவனும் நான்தான். வேறு யாராவது எழுதினால் என்னை நல்லவனாக்கி விடுவார்கள், அந்தக் கண்றாவியும் வேண்டாம்.

சிதம்பரம் பக்கம் கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அந்தக் குப்பத்திலேயே முதன்முதலாக டிப்ளமோ முடித்தவன். சுனாமிக்குப் பிறகு, 2006-இல், படகுகளுக்கென்று டிஜிட்டல் ரேடியோ நெட்வொர்க் போட்டார்கள். பராமரிப்பை ஒரு கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்தது. கடலூர் கன்ட்ரோல் ரூமுக்கு நான் பொறுப்பாளர், பெயர் சக்கரபாணி. சிதம்பரத்து டவருக்கும் கரை நிலையத்துக்கும் சேரன்தான் டெக்னீஷியன். சேர்ந்த முதல் நாளே சொன்னான், தன் மனைவி தில்லையம்மாளின் தம்பி தனக்கோடி கடலுக்குப் போகிறவன், அவன் கையிலும் இந்த ரேடியோ செட்தான் இருக்கிறது என்று. அதற்கு நான் இப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அப்படித்தான் பேசுவேன் அப்போதெல்லாம்.

படகில் பேசுவது கரை நிலையத்துக்கு வரும். அங்கிருந்து டவர் மேலிருக்கும் டிஷ் வழியாகச் சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து அப்படியே கடலூர். கடலூர் வந்து திரும்பிப் போனால்தான் பக்கத்துப் படகுக்கே கேட்கும். பத்தடியில் நிற்கிற இரண்டு படகு பேசிக்கொள்ள எதற்கு ஐம்பது கிலோமீட்டர் சுற்று என்று என்னைக் கேட்காதீர்கள், டிசைன் செய்த மகராசனைக் கேளுங்கள். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தான். நடுவில் லைன் செத்துப்போனால் கரை நிலையம் அதைத் தானே தெரிந்துகொள்ளும். கடலூரை விட்டுவிட்டு, தன் எல்லைக்குள் உள்ள படகுகளைத் தங்களுக்குள் பேச விடும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் கம்பியில் சிக்னல் வருகிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே அடையாளம்.

லைனில் பழுது வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க லூப் போடுவோம். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒரு சின்ன பிளக்கில் சேர்த்துச் செருகிவிட்டால், அனுப்பிய சிக்னல் அப்படியே அனுப்பியவனுக்குத் திரும்பிவரும். சிதம்பரத்தில் கடலூரைப் பார்த்து ஒன்று, கரையைப் பார்த்து ஒன்று போட்டால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. லூப் கிடக்கிறவரை இரண்டு பக்கமும் சிக்னல் வந்துகொண்டே இருக்கும். என் திரையில் லைன் பச்சையாக இருக்கும், கரை நிலையமும் லைன் உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டு தன்பாட்டுக்குக் கிடக்கும். பேச்சு மட்டும் எங்கேயும் போகாது.

2007-இல் ஒரு நாள் நான் சோதித்து முடிப்பதற்குள் சேரன் அவசரப்பட்டு லூப்பை எடுத்துவிட்டான். கணக்கெல்லாம் குழம்பி, நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் அவனைக் கடலூருக்கு வரவழைத்தேன். எட்டுப் பேர் முன்னால் நிறுத்தி, "நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன் சார்" என்று மூன்று முறை சொல்லவைத்தேன். பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அன்று பசி நன்றாக எடுத்தது, மத்தியானம் ஒரு பிடி பிடித்தேன். அதற்குப் பிறகு அவன் ஒரு முறைகூடத் தவறவில்லை. வேலை முடிந்ததும் போன் வரும், "சார், லூப் எடுக்கட்டுமா?" என்று. எடு என்றால் எடுப்பான். நான் டீ குடிக்கப் போய்விட்டால், வரும்வரை வெயிலில் டவர் அடியிலேயே நிற்பான்.

2010 ஐப்பசியில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் கன்ட்ரோல் ரூமைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கான்ட்ராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். அன்று காலை ஒன்பது மணிக்குக் கரை நிலையத்து லைன் சிவப்பானது. சேரன் டவருக்கு ஓடினான், இரண்டு பக்கமும் லூப் போட்டான். இரண்டு பக்கமும் சுத்தம். ஆக, நடுவில் சிதம்பரத்தில் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற கார்டுதான் போயிருக்கிறது, புதுக் கார்டு சென்னையிலிருந்து மறுநாள்தான் வரும். முறைப்படி லூப்பை எடுத்துவிட்டால் என் திரை சிவப்பாகும், கரை நிலையம் தனியாக வேலை செய்யும். அதையேதான் அவனும் கேட்டான்.

"சார், லூப் எடுக்கட்டுமா? எடுத்துட்டா படகுக்காரங்களாவது அவுங்களுக்குள்ள பேசிப்பாங்க."

"எடுக்காத. அவுங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் பச்சையாவே இருக்கட்டும். நான் சொல்றேன், அப்ப எடு."

"காத்து ஜாஸ்தியா இருக்குது சார்."

"நான் சொல்றேன்னு சொன்னேன்ல?"

பதினொரு மணிக்கு வந்தார்கள். திரை முழுக்கப் பச்சை. சால்வை போட்டோம், படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டலில் விருந்து. என் போன் சட்டைப் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. வஞ்சிரம் வறுவல் பிரமாதம் என்று ஒருவர் பாராட்டினார். நான் இன்னொரு துண்டு வைக்கச் சொன்னேன். அந்த ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது, சனியன்.

அந்த நேரத்தில் தனக்கோடியின் படகு இன்ஜின் நின்று, காற்றில் அலைக்கழிந்துகொண்டிருந்தது. கூட இருந்தவர் கண்ணாயிரம். உயிரோடு கரை சேர்ந்தவர் அவர் ஒருவர்தான், பிறகு விசாரணையில் அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். தனக்கோடி செட்டை அழுத்திப் பேசியிருக்கிறான். அழுத்தும்போதெல்லாம் செட் 'டிட்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. லைன் இருப்பதாக நிலையம் நம்பும்போது அப்படித்தான் ஒப்புக்கொள்ளும். டீசல் கேனைக் கட்டிக்கொண்டு குதித்துவிடலாம் என்று கண்ணாயிரம் சொன்னாராம். "கேட்டுடுச்சு மாமா, சத்தம் வருது பாருங்க, ஆளுங்க வருவாங்க" என்று தனக்கோடி அவரைத் தடுத்திருக்கிறான். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இன்னும் இரண்டு படகு இருந்தது. அவர்கள் கையிலும் செட் இருந்தது. ஒன்றிலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு போனை எடுத்துப் பார்த்தேன். சேரனிடமிருந்து பதினொரு அழைப்பு. கூப்பிட்டேன்.

"சார், லூப் எடுக்கட்டுமா?"

"எடு."

எடுத்தான். கரை நிலையம் விழித்துக்கொண்டது. படகுகளின் பேச்சு எங்களுக்குக் கேட்காது. ஆனால் குப்பத்தில் செட் வைத்திருந்தவர்களுக்குக் கேட்டது, ஒரு படகு கவிழ்ந்து மிதக்கிறது, ஒரு ஆள்தான் கேனைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று. தனக்கோடி மறுநாள் கரை ஒதுங்கினான். வயது இருபத்திரண்டு.

கம்பெனி விசாரணைக்கு சுப்பராயலு என்றொருவரை அனுப்பியது. சேரன் நடந்ததை நடந்தபடி சொன்னான். பதினொரு முறை கூப்பிட்டதைப் போனில் காட்டினான். கார்டு எப்போது வரும் என்று கேட்கக் கூப்பிட்டிருப்பான் என்று நான் சொன்னேன். காலையிலேயே லூப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன், மறந்து தொலைத்துவிட்டான் என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். சேரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்கும் டெக்னீஷியன் மறந்தான் என்பதுதான் சௌகரியம். அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாலாம் நாள் தில்லையம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சார், நீங்க சொல்லித்தான் எடுக்காம வச்சிருந்தேன்னு அவரு சொல்றாரு. குப்பத்துல ஒருத்தரும் நம்பல. நான் நம்புறதா வேணாமான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. போலீசுக்கெல்லாம் போவ மாட்டேன். நான் அவரோட இருக்கறதா இல்லையான்னு எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. தனியாகத்தான் கேட்டாள், பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லியிருந்தால் என் வேலைகூடப் போயிருக்காது. "நான் சொல்லலம்மா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்படியே அம்மா வீட்டுக்குப் போனவள்தான். குப்பத்தில் சேரனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் போனது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்தது. எங்கள் டிஷ் எல்லாம் திரும்பிக்கொண்டது. கரை நிலையத்தில் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தும் பேச்சு இல்லை. சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, சிக்னல் பிடிக்கவில்லை என்று கையை விரித்தார்கள். சிதம்பரத்து டவரில் எந்த போல்ட்டை எவ்வளவு தளர்த்தினால் டிஷ் எங்கே திரும்பும் என்று தெரிந்த ஆள் ஒருவன்தான். வெட்கத்தைவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

விழுந்த பலாமரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கோடாலியைக் கீழே போட்டான்.

"உங்களுக்காவ வரல. படகுங்க போவ ஆரம்பிச்சிடுச்சி."

ஜீப்பில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் ஏறிக்கொண்டான். சிதம்பரத்தில் அவனை இறக்கிவிட்டு நான் கடலூர் வந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை சாப்பிடாமல் டவர் மேலேயே இருந்தானாம். நாலரை மணிக்குத் திரை பச்சையானது. அறையில் ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. மணி அடித்தது.

"சார், ரெண்டு பக்கமும் லூப் போட்டிருக்கேன். சுத்தமா இருக்குது. எடுக்கட்டுமா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த அனுப்பிரியா, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, போன் பக்கம் குனிந்து, "எடுங்கண்ணா" என்றாள்.

"சார் சொல்லணும்மா" என்றான் சேரன்.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களுக்கு அந்த மறதிக்காரன் கதை முழுக்கத் தெரியும். அனுப்பிரியாவுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டது மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க சொல்லாம அவரு எடுக்கவே மாட்டாரா சார்?"

"எடு" என்று போனில் சொன்னேன். எடுத்தான். படகுகளின் பேச்சு ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. தில்லையம்மாளின் அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஜீப்பும் வாசலில்தான் நின்றது. நான் போகவில்லை.