எழுந்து நிற்கச் சொன்னவர்

எங்கள் கண்டக்டருக்கு டிப்போவில் வைத்த பெயர் 'சீக்கிரம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. "சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம் எறங்குங்க, சீக்கிரம் சில்லறைய எடுங்க" என்று இருபத்திரண்டு வருடமாக ஒரே பாட்டு. வீட்டிலும் அப்படித்தான். நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று சோற்றைச் சுடச்சுட விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார் என்று அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, திட்டுவார்.

பத்து வருடமாக நான் அவருடைய டிரைவர். மனிதர் கோபக்காரர் இல்லை, நேரத்துக்குப் பயந்தவர். இரண்டு நிமிடம் தாமதமானாலும் கடைசி நிறுத்தத்தில் நேரம் குறிக்கிறவர் ஊரே கேட்கிற மாதிரி கத்துவார். அதற்காக நம்ம 'சீக்கிரம்' ஒரு வழி வைத்திருந்தார். இறங்க வேண்டியவர்களை, நிறுத்தத்துக்கு முந்தின வளைவிலேயே எழுப்பி முன்வாசலுக்கு வரவழைத்துவிடுவார். வண்டி நின்றதும் பொலபொலவென்று இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் மிச்சம். நானும் அதை மெச்சியவன்தான். என்னை மட்டும் நல்லவனாக்கிக்கொண்டு இதைச் சொல்லப் போவதில்லை.

எனக்கு இருந்த பயமெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான். வண்டியை ஓரம் கட்டும்போது, இருக்கிற இடுக்கில் புகுந்து முன்னால் வந்து நிற்பார்கள். எவன் மேலாவது ஏற்றிவிடுவேனோ என்று தினமும் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பவர்களுக்காகப் பயப்படத் தோன்றியதே இல்லை. இவ்வளவு பெரிய வண்டிக்குள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்ன என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். தினமும் வரும் தையல்காரம்மா மூன்றாவது சீட்டில் துணிப்பைகளோடு உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தது.

"தையலம்மா, எந்திரிங்க, எந்திரிங்க!"

"வண்டி நிக்கட்டும் அண்ணே. ரெண்டு கையிலயும் பை இருக்கு."

"நின்னப்புறம் எந்திரிச்சா நான் எப்ப விசில் அடிக்கிறது? வாங்கம்மா."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் என் முன்னால் பாய்ந்தது. இருந்த பலத்தையெல்லாம் காலில் வைத்து பிரேக்கை மிதித்தேன். பம்பர் லேசாகத் தட்டி அவன் சாய்ந்தான். உடனே எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டான். ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். வாசல் கம்பியில் பிடரி மோதி, தையல்காரம்மா தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது.

"அண்ணே, என் கால் எங்க இருக்குன்னே தெரியலையே" என்றார்.

கழுத்து எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்தியிருக்கிறது, ஆபரேஷன் செய்திருக்கிறோம், மூன்று நாள் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் சீக்கிரம் ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு நகரவில்லை. ஆள் அரண்டு போயிருந்தார். வார்டு கதவு திறந்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

"பிரேக் போட்டது நான்தானே அண்ணே" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"நீ போடலன்னா அந்தப் பையன் செத்திருப்பான் தம்பி. நான் எழுப்பலன்னா அந்தம்மா உக்காந்திருக்கும். பயமா இருக்குடா. காலு வராமப் போச்சுன்னா நான் என்னடா செய்வேன்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? எழுந்து போய் அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் எங்களையும் உள்ளே விட்டார்கள். தையல்காரம்மாவின் கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டிருந்தார்கள். குனிந்து பார்க்க வழியில்லை, கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தலைமாட்டில் நின்றாள். சீக்கிரம் கால்மாட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் போர்வையை விலக்கினார்.

"கால் விரலை அசைங்கம்மா."

அந்தம்மாவின் நெற்றி சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். விரல்கள் பத்தும் அப்படியே இருந்தன.

"அசைச்சிட்டேன் டாக்டர்" என்றார் தையல்காரம்மா. முகம் மலர்ந்துவிட்டது. "கண்டக்டர் அண்ணே, நீங்க அங்கதானே நிக்கிறீங்க? அசையுதில்ல?"

சீக்கிரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசையுதும்மா" என்றார்.

மகள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் வெளியே வந்துவிட்டேன்.