சாளுக்கியர் வந்த அமாவாசை

போன வருடம் மாசி அமாவாசையன்று, எங்கள் காஞ்சிபுரத்திலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலில் நடந்தது இது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்து பார்க்கிற கோயில். பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருடத்தில் நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன். பக்கத்தில் இருப்பதாலேயே போகாமல் விட்டுவிடுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

அமாவாசை என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் தறிக்கு லீவு அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அமாவாசையன்று தெரு முழுக்கக் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக்காரர் தறிக்குழியை விட்டுக் காலை வெளியே எடுத்து, நீட்டிப் படுக்கிற ஒரே நாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். படிப்பால் வந்த லாபம் என்று பார்த்தால், எதைச் செய்தாலும் ‘இது சரிதானா, தப்பாகிவிடுமோ’ என்று பலமுறை யோசிக்கிற பழக்கம்தான். பெரியவன் மூன்றாம் வகுப்பு. அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பல்லவர் பாடம் நடந்தது. ராஜாக்களின் பெயரை வாய்ப்பாடு மாதிரி தினமும் ஒப்பித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இவங்கள்லாம் எந்த ஊரும்மா?” என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லவர்கள் இருந்த ஊரில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா அது!

அதனால்தான் அந்த அமாவாசைக்குப் பிள்ளைகளைக் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போய், விளையாட்டாகவே சரித்திரம் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். என்ன விளையாட்டு என்பதை முந்தின நாள் மாவாட்டும்போதே யோசித்து வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. “கோயிலுக்குப் போனா கும்பிட்டுக்கினு வரணும்மா. வெளையாடவா கோயிலு? அந்தப் பக்கம் பூரா வயக்காடு, கைப்புடிச் சுவரில்லாத கெணறு வேற கெடக்குது. சின்னதை வெச்சிக்கினு போற, பாத்துக்க” என்றார். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. நாத்தனார் சொன்னதும் போக வேண்டாம் என்று ஒருதரம் நினைத்தேன். போனால்தான் என்ன என்று மறுதரம் நினைத்தேன். அதற்குள் புளிச்சோறு கிளறியாகிவிட்டது. சோறு வீணாகிவிடுமே என்றுதான் கடைசியில் கிளம்பினோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

“ஒரு நாளு தூங்க வுட மாட்டியா?” என்று முனகியபடியே என் வீட்டுக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“உங்களுக்கும் வேஷம் இருக்குதுங்க.”

“எனக்கு இன்னா வேசம்?”

“சாளுக்கிய ராஜா. காஞ்சிபுரத்தைப் புடிக்க வர்றீங்க.”

“வசனம் பேசணுமா?”

“வேணாம். வந்து நின்னாப் போதும்.”

“அப்பன்னா சரி” என்றார்.

அந்தக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள் பிராகாரத்தைச் சுற்றி மதிலோடு மதிலாக, ஆள் குனிந்து நுழைகிற அளவில் சின்னச் சின்னக் கோயில்கள் வரிசையாக இருக்கும். எங்கே பார்த்தாலும் பின்னங்காலில் எழுந்து நிற்கிற சிங்கத் தூண்கள். பிள்ளைகளுக்கு அது கோட்டையாகவே தெரிந்தது. பெரியவனை முரசுக்காரன் ஆக்கினேன். புளிச்சோறு கொண்டுபோன எவர்சில்வர் தூக்கின் மூடிதான் முரசு. சின்னவள் காவல் வீரன். “வீரன் இல்ல, வீரி” என்று அவளே திருத்திக்கொண்டாள்.

நான் கதை சொன்னேன். மேற்கேயிருந்து வேறு பாஷை பேசுகிற சாளுக்கிய ராஜா படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். இந்தக் கோயிலைப் பார்த்தான். இதன் அழகில் மனம் இளகி, எடுத்த பொன்னையெல்லாம் சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்தில் எப்போதோ கேட்டது. உண்மைதானா, நானே பாதி சேர்த்துக்கொண்டேனா என்ற சந்தேகம் சொல்லும்போதே எனக்கு இருந்தது.

அப்புறம் விதிகளைச் சொன்னேன். எதிரி கோட்டைக்குள் இருக்கிற வரைக்கும் காவலில் இருப்பவர் மூச்சுக் காட்டக் கூடாது. யார் கூப்பிட்டாலும் வெளியே வரக் கூடாது. எதிரிகள் தந்திரக்காரர்கள், அம்மா குரல் மாதிரியே கூப்பிட்டு ஏமாற்றுவார்கள். எதிரி போன பிறகுதான் முரசு அடிக்கும், அப்போதுதான் வரலாம்.

அம்மா குரல் என்கிற இடத்தில் சின்னவளின் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவள் ஓடிப்போய் எங்கோ ஒளிந்துகொண்டாள். பெரியவன் தூக்கு மூடியைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் நின்றான். நான் ஒரு நிழலில் உட்கார்ந்து இலையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சாளுக்கிய ராஜா வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிப்போயிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. நடுவயதுத் தம்பதி இறங்கி வந்தார்கள். அவர் நல்ல உயரம், கையில் நீளமான கறுப்புக் குடை. அந்த அம்மாள் கையில் பை நிறையக் கமலா ஆரஞ்சு. இரண்டு பேரும் கன்னடத்தில் பேசிக்கொண்டே சிற்பங்களைப் பார்த்தபடி உள்ளே போனார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வந்த பெங்களூர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது நான் அவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சோறு பரிமாறிவிட்டுச் சின்னவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பசி வந்தால் வருவாள் என்று இருந்தேன். மறுபடி கூப்பிட்டேன். எழுந்து போய் வரிசையாக ஒவ்வொரு சின்னக் கோயிலுக்குள்ளும் குனிந்து பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. பின்பக்கம் ஓடிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அப்போதுதான் நாத்தனார் சொன்ன கிணறு நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் நான் போட்ட சத்தம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து ஓடி வந்தார். “கெணறு... கெணறு...” என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே வயல் பக்கம் ஓடினார்.

அந்தத் தம்பதியும் பதறிப்போய்த் தேட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள், “இன்னா ஆச்சும்மா? கொழந்தே எவ்ளோ பெரிசு?” என்று கேட்டபடி ஒரு பக்கமும், அவர் குடையை ஊன்றிக்கொண்டு இன்னொரு பக்கமும் போனார்கள். அவர்கள் பக்கத்தில் குழந்தையை ‘மகு’ என்பார்களாம். “மகூ! மகூ!” என்று இரண்டு பேர் குரலும் கல்சுவரில் மோதித் திரும்பி வந்தது.

பெரியவன் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தூக்கு மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“மரம் மாதிரி நிக்கிறியேடா! தங்கச்சியைத் தேடேன்!”

அவன் என் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தான். காதருகே வந்து, “அம்மா, மெதுவாப் பேசும்மா. அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க” என்றான்.

“யாருடா?”

கண்ணாலேயே அந்தக் குடைக்காரரைக் காட்டினான்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வேறு பாஷை பேசுகிறவர்கள். கையில் நீளமான ஆயுதம். அம்மா குரல் கூப்பிடுகிறது, யாரோ “மகூ” என்று கூப்பிடுகிறார்கள். நான் சொன்னது ஒன்று விடாமல் நடந்துகொண்டிருந்தது. எங்கேயோ இருந்தபடி என் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கிறாள். நாங்கள் தேடத் தேட அவள் இன்னும் ஒடுங்குவாள்.

“அப்ப முரசை அடிடா!”

“எதிரி போனாத்தான். நீதானம்மா சொன்ன?”

மூடியைப் பிடுங்கி நானே அடித்தேன். அது பாத்திரம் உருண்ட சத்தம் மாதிரிதான் கேட்டது. யாரும் வரவில்லை. ஒருவேளை அவள் ஒளிந்தே இல்லையோ, என் வீட்டுக்காரர் போன இடத்தில்தான் இருக்கிறாளோ என்றும் தோன்றியது. என்றாலும் செய்ய ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த அம்மாளிடம் போனேன். முன்பின் தெரியாதவர்கள், எனக்காக வெயிலில் தேடிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது? வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய போகணும். என் பொண்ணு உங்களை எதிரின்னு நினைச்சுக்கினு இருக்கா. சாளுக்கியருங்க வந்து, பொன்னைத் திருப்பிக் குடுத்துட்டுப் போன கதை சொல்லியிருந்தேன்.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கணவரிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்தப் பெரிய மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக முற்றத்தின் நடுவே போய் நின்றார். குடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, மெதுவாகத் தரையில் கிடத்தினார். அந்த அம்மாள் பையிலிருந்த ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் அடுக்கினார். பிறகு கோயிலே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

“பொன்னு எல்லாம் இங்கேயே வெச்சிட்டோம்! நாங்க எங்க ஊருக்குப் போறோம்!”

இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

பெரியவன் என்னிடமிருந்து மூடியை வாங்கிக்கொண்டான். கரண்டியால் ஓங்கி அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அடித்தான்.

இரண்டு சின்னக் கோயில்களுக்கு நடுவே, ஒரு சிங்கத்தூணின் பின்னால் இருந்த இடுக்கிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் முகம். நான் இரண்டு முறை கடந்து போன இடம். தலையெல்லாம் தூசி, கன்னத்தில் சிலந்தி வலை. நேராக ஆரஞ்சுகளிடம் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம், “தோத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

“தோக்கல. ஜெயிச்சிட்டுக் குடுத்துட்டுப் போறாங்க” என்றான் பெரியவன். பாடத்தில் தேறிவிட்டான்!

நான் அவளை வாரி எடுத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். நான் நிஜ அம்மாதானா என்று சரிபார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

முரசுச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். இடுப்பு வரைக்கும் நனைந்து, முழங்கையெல்லாம் பாசி. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா நைனா, குளிச்சிட்டு வந்துக்கீற?” என்றாள் மகள்.

வாசலுக்கு வெளியேயிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “வரலாமா?” என்று கேட்டார். சின்னவள் யோசித்தாள். “கொடையை நாங்க வெச்சிக்கிறோம். அப்பன்னா வரச் சொல்லு” என்றாள்.

எல்லோருமாகப் புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு குடைக்காரர் பெரியவனைக் கூட்டிப்போய் ஒரு தூணில் வெட்டியிருந்த பழைய எழுத்தைக் காட்டினார். ஒன்றிரண்டு எழுத்துதான் தன்னால் படிக்க முடிகிறது என்றும், அவர்கள் ஊர் ராஜா பொன்னைத் திருப்பிக் கொடுத்த செய்தியைத்தான் அதில் அவர்கள் பாஷையிலேயே வெட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதைப் பார்க்கத்தான் புடவைக் கடைக்குப் போகும் முன் இங்கே வந்தார்களாம். நான் சொன்ன கதை உண்மைதான் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பெரியவன் அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது நான் தூக்கைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். இனிமேல் இந்த ஊர் சுற்றலெல்லாம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லப்போகிறார், அதில் நியாயமும் இருக்கிறது என்று காத்துக்கொண்டே வந்தேன். சின்னவள் அவர் தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் தெரு முனை வந்தது.

“எல்லாம் என்னாலதான்” என்றார்.

“நீங்க இன்னா பண்ணீங்க?”

“ராஜா தூங்கிட்டான் இல்ல?” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் போன பிறகு, “அடுத்த அமாவாசைக்கு எங்க போறோம்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பல அமாவாசைகளுக்குப் போய்விட்டோம். இப்போதும் கிளம்புகிறபோது இது சரிதானா என்று யோசிக்கத்தான் செய்கிறேன். ஆனால் எந்த விளையாட்டைத் தொடங்கினாலும், எப்படி ஒளிவது என்று சொல்லும் முன்பே எப்போது வெளியே வரலாம் என்று சொல்லிவிடுகிறேன். நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையைக்கூடப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுகிறார்கள் என்பதையும், எதிரி என்று நாம் காட்டிவைத்த மனிதர் கையில் ஆரஞ்சுப் பழங்களும் இருக்கலாம் என்பதையும் எவர்சில்வர் தூக்கின் அந்த நெளிந்த மூடியைக் கழுவிக் கவிழ்க்கிற ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.