‘அந்தச் செடி’க்கு ஒரு மனு

ஙொய்ய்ய்ங் என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம். அப்போதெல்லாம் செங்கல்பட்டைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அதுதான் கேட்கும்; வேலிக்காத்தான் புதர்களைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் எங்கள் சணல் கயிறு மில் கண்ணில் படும். கயிறு முறுக்குகிற தொழிலில் ஷிப்ட் முடிவது கைக்குத்தான், காதுக்கு முடியாது. பன்னிரண்டு வருஷம் நான் அங்கே ராத்திரி ஷிப்டில் முறுக்கு மெஷின் ஃபிட்டர். பகலில் படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் வராதவன் குடிக்கலாம், சீட்டாடலாம், நான் படித்தேன். அதனால் வந்த வினை இது. அரசாங்கத்துக்கு ஒரு தடவையாவது மனு எழுதியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

எடைக்கு வாங்கிய அறிவு

மாமல்லபுரம் ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். எட்டாவதோடு நின்ற நான் அவற்றை எடைக்கு வாங்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அந்தக் கட்டுரை கிடைத்தது. கஞ்சாச் செடியிலேயே போதை அநேகமாக இல்லாத ஒரு ரகம் இருக்கிறதாம். சில தேசங்களில் அதை வயலில் போடுகிறார்கள். நாலு மாதத்தில் ஆளை மறைக்கிற உயரம். தண்டை ஊறப்போட்டு உரித்தால் நார். நாரில் கயிறு, துணி, காகிதம். மிஞ்சின சக்கையில் பலகை. விதையில் எண்ணெய்.

அப்போது மில் திணறிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் நைலான் கயிறு. சணல் வங்காளத்திலிருந்து லாரியில் வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடும். முப்பது சொச்சம் பேரின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கன்னியம்மாளும் ஒருத்தி. காலை ஷிப்டுக்கு வந்து என் மெஷினை ஏற்றுக்கொள்கிறவள். அறுந்த இழையை அவள் சேர்த்தால் முடிச்சு இருந்த இடம் தெரியாது. புருஷன் இல்லை, இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். நார் நம்மூரிலேயே விளைந்தால் மில் நிற்காது, நார் உரிக்கிற வேலையும் ஊருக்குள்ளேயே இருக்கும் என்று முதலில் அவளிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது: “மில்லு மூடுற கவலைக்கு அல்லாரும் அத்த இழுப்பாங்க. நீ இன்னாடான்னா பயிர் வெக்கச் சொல்ற, அண்ணாத்த!”

முதலாளியின் நிபந்தனை

முதலாளி நல்ல மனிதர். கட்டுரையை நான் மொழிபெயர்த்து எழுதிக்கொண்டுபோன நாலு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். மதுராந்தகம் பக்கம் தனக்கு மூன்று ஏக்கர் சும்மா கிடக்கிறது, சர்க்கார் அனுமதி வந்தால் அதில் போட்டுப் பார்க்கலாம், அடுத்த ஆடி வரைக்கும் மில்லை எப்படியாவது ஓட்டுகிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. வாசல்வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்: “அனுமதிக் காகிதம் வர்ற வரைக்கும் அந்தப் பேரை மில்லுக்குள்ள சொல்லாதப்பா. அடுத்த வாரம் பொண்ணு பார்க்க வர்றாங்க.”

புளியமரத்தடி டைப்பிஸ்ட்

செங்கல்பட்டு கோர்ட் பக்கம் புளியமரத்தடியில் மெஷின் போட்டிருந்த டைப்பிஸ்ட்டிடம் போனேன். சட்டம் என் பக்கம்தான் இருந்தது. போதைப்பொருள் சட்டத்திலேயே, நாருக்கும் விதைக்கும் மட்டும் என்றால் இந்தச் செடியைப் பயிரிட அரசாங்கம் உத்தரவு போட்டு அனுமதிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தடை செய்த புத்தகத்திலேயே வழியும் அச்சாகியிருக்கிறது. யாராவது உத்தரவு போட வேண்டும், அவ்வளவுதான்.

டைப்பிஸ்ட் இரண்டு வரி அடித்தார், செடியின் பெயர் வந்ததும் விரலைத் தூக்கிவிட்டார். பெயரை அடித்தால் தன் மெஷினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். அதனால் மனு முழுக்க ‘அந்தச் செடி’ என்றே அடித்தார். சட்டத்தின் பெயரிலும் போதை இருந்ததால் அதை ‘மேற்படி சட்டம்’ ஆக்கினார். மேற்படிக்கு மேலே என் விலாசம் மட்டும்தான் இருந்தது. இது போதுமா என்று கேட்டேன். காகிதத்தை உருவிக்கொடுத்துச் சொன்னார்: “படிக்கிறவருக்குப் புரியும் சார். புரியலைன்னா உங்களுக்கு இன்னும் நல்லது.”

திங்கட்கிழமை வரிசை

கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் திங்கட்கிழமை, ஷிப்ட் முடித்த கையோடு எண்ணெய்ச் சட்டையிலேயே போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு விவசாயி, பட்டா மாறுதலுக்கு வந்தவர். என் முறை வந்தது. அதிகாரி மனுவை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். “எந்தச் செடிங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய தொண்டை. சுவரோரம் நின்ற போலீஸ்காரர் நிமிர்ந்தார். அதிகாரி வேளாண்மைத் துறைக்கு என்று ஓரத்தில் எழுதி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். திரும்பினால் வரிசை இரண்டடி பின்னால் போயிருந்தது. பட்டாக்காரர் மட்டும் நகரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பத்து வருசமா ஒரு பட்டாவைக் கேக்கவே நான் கூச்சப்பட்டுகினு கீறேன். நீ கேக்குற பாரு, அது கேள்வி!”

தோட்டச் சோதனை

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்தார். என் வீட்டுப் பின்பக்கம் புளிச்சக்கீரை இடுப்பளவு நின்றது. அந்த இலையும் ஐந்து விரல் விரித்தாற்போலத்தான் இருக்கும். தெரியாதவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு ஒரு கட்டு பிடுங்கி, பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். அது கீரை என்று நான் சொன்னதை, எல்லோரும் சொல்வதுதான் என்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்குப் பூராவும் நான் சாப்பிடவில்லை. உள்ளே போட்டால் மனு என்ன ஆகும், ஆடி வந்துவிடுமே என்பதுதான் கவலை. மறுநாள் காலையில் சைக்கிள் மணி கேட்டது. ஏட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சொன்னார்: “விசாரிச்சாச்சு, கீரைதான். வூட்ல கடைஞ்சாங்க, நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு கட்டு இருக்குமா?”

கடலுக்கு நல்லது

மனுவுக்குப் பலம் சேர்க்க மீனவர்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்குப் போனேன். ஏழுமலை என்று ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அறுந்த நைலான் துண்டுகள் கடலில் அப்படியே கிடக்கின்றன, ஆமையின் கழுத்தைச் சுற்றுகின்றன, நம்முடைய நார்க்கயிறு என்றால் மக்கிப்போகும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆமை விஷயத்துக்குத் தலையைக்கூட ஆட்டினார். இரண்டாவது தடவை “மக்கிவிடும்” என்றபோது, கையெழுத்துப் போட வாங்கிய பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: “கடலுக்கு நல்லதுதான் நைனா. நங்கூரம் போட்டுகினு நான் அதுமேல கீறப்போ மக்கிச்சுன்னா?”

கையெழுத்தில்லாமல் திரும்பினேன்.

பதில் வந்தது

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள் பழுப்பு உறையில் பதில் வந்தது. எந்தச் செடி, எந்தச் சட்டம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்குமாறு கேட்டிருந்தார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கடிதத்தோடு மில்லுக்கு ஓடினேன். முதலாளி முந்தின வாரமே மெஷின்களை விற்க முன்பணம் வாங்கியிருந்தார். ஆடிவரை என்றார், ஆடிவரை ஓட்டினார். முறுக்கு மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியம்மாள் மதில் ஓரமாக, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய பெண் அந்த வருஷம் பத்தாவது. கடிதத்தை என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். லாரியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அந்தப் பேரை டீக்கடைலே சொன்ன, குப்பத்துலே சொன்ன, போலீஸாண்ட சொன்ன. காயிதத்துல மட்டும் வுட்டுட்டியே அண்ணாத்த.”

நாவலூர், சி பிளாக்

இரண்டு பெண்களும் எப்படியோ படித்து முடித்தார்கள். கன்னியம்மாள் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரை துடைக்கிற வேலையில் சேர்ந்து, சில வருஷம் கழித்து எனக்கும் அங்கே ராத்திரி வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தாள். மறுபடி மனு போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன், பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி. ரசீது வந்தது. எந்த மில்லுக்காகக் கேட்டேனோ அது அதற்குள் கல்யாண மண்டபமாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் ட்யூட்டிக்கு வந்ததும் மோட்டார் போடப் போய்க்கொண்டிருந்தேன். சி பிளாக்கில் குடியிருக்கும், அமெரிக்கா போய்விட்டு வந்த கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி எதிரே வந்து என்னை நிறுத்தினார். நல்ல பிள்ளை, எல்லாரிடமும் பேசுவார். மண் நிறத்தில் புதுச்சட்டை. தொட்டுப் பாருங்கள் என்று கையை நீட்டினார். தொட்டேன். பருத்தி இல்லை, சணலும் இல்லை. இழை நீளமாக, நெருடாமல், கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. முறுக்கு நன்றாக விழுந்திருந்தது. இன்ன செடி என்று அவர் சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னியம்மாளைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவள் அப்போதுதான் பஸ் பிடிக்கப் போயிருந்தாள். தம்பி தண்ணீர் குறைவு, மருந்து தேவையில்லை, மண்ணுக்கு நல்லது என்று வரிசையாக எல்லாம் சொன்னார். ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியில் என் தோளில் தட்டிச் சொன்னார்: “நம்ம ஊர்லதான் அண்ணே, இதையெல்லாம் யோசிக்க ஒரு ஆள் கிடையாது.”

நல்ல சட்டை சார் என்று சொல்லிவிட்டு, இரண்டு மனு போட்டும் அந்த நாரைச் சட்டப்படி கையால் தொட்டது இந்த ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டே, மேல்தொட்டி காலியாக இருந்ததால் மோட்டாரைப் போடப் போனேன்.