கஞ்சி ஒட்டிய இசைத்தட்டுகள்

எழுபதுகளின் பின்பாதி அது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் இருந்த ஒரு பிஸ்கட் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாற வேண்டும்.

எனக்கு அப்போது இரண்டு பைத்தியம். ஒன்று இசைத்தட்டு, இன்னொன்று எங்கள் தொழிற்சங்கம். சொல்லப்போனால் இரண்டாவதுதான் முதலாவதைக் கொண்டுவந்தது. சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த போனஸில்தான் பேட்டரியில் ஓடும் ஒரு பழைய ரெக்கார்டு பெட்டியை வாங்கினேன். தெப்பக்குளத்துப் பக்கம் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் தட்டுகள் கிடைக்கும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவர்கள் தேய்ந்துபோன தட்டுகளை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். நாதஸ்வரம், வீணை, பழைய சினிமாப் பாட்டு என்று எது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவர், "மத்தவங்க வீட்டுல பாத்திரம் சேருது, நம்ம வீட்டுல தட்டு சேருது" என்று கிண்டல் பண்ணுவார்.

சங்கத்தின் மேல் எனக்கு ஏன் அத்தனை பாசம் என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வோம். அதைக் கூச்சமில்லாமல் மேனேஜரிடம் போய்ப் பேசி, கட்ட வைத்தது சங்கம். வேறு யாரும் எங்களுக்காக அதைப் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் கோடையில், ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று வேலை செய்ய மாட்டோம் என்று சொன்ன சில பெண்களைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஸ்ட்ரைக் ஆரம்பித்தது. கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். அடுப்பு மூட்டி, ஓர் அண்டாவில் எல்லோருக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினோம்.

முதல் சில நாள் உற்சாகமாகத்தான் இருந்தது. அப்புறம் வதந்தி கிளம்பியது. கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று ஒருவர் சொல்வார். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் வருகிறார்கள் என்பார் இன்னொருவர். யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆண்கள் கேட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார்கள். கைக்கு வேலை இல்லாமல் பெண்கள் நாங்கள் கீழே விரித்த பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டே இருப்போம். ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால் போதும், சண்டை வந்துவிடும்.

அதனால்தான் ஒருநாள் பெட்டியையும் தட்டுகளையும் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சங்கத் தலைவர் முதலில் முகம் சுளித்தார். "இது போராட்டம்மா, கல்யாண வீடு இல்லை" என்றார். ஆனால் நான் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டதும், டீக்கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவரே வாடகை மைக்கைப் பெட்டியின் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். புனல் ஒலிபெருக்கியில் சத்தம் சாலை முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து தினமும் பாட்டு.

மற்றவர்கள் கேட்டார்களே தவிர, என்னால் கேட்க முடியவில்லை. பாட்டு பாதி ஓடும்போதே முள்ளைத் தூக்கி வேறு தட்டைப் போடுவேன். வெயிலில் தட்டு வளைந்துவிடுமோ என்று ஈரத்துணியைப் போட்டு மூடுவேன், எடுப்பேன். கண் மட்டும் கேட்டின் மேலேயே இருக்கும்.

கேட்டுக்குள் போகிறவர்களும் இருந்தார்கள். ஒரு சிறு கூட்டம் தினமும் கம்பி வலை போட்ட கம்பெனி வேனில் உள்ளே போகும். அவர்களைப் பார்த்ததும் பந்தலே எழுந்து நின்று "கருங்காலி!" என்று கத்தும். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்த வேனில் எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி இருந்தாள். எனக்கு எதிர் மேஜையில் நின்று டின் மூடுகிறவள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேன் எங்களைத் தாண்டும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம், ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் வந்தது. பந்தலைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவாம். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ கோஷம் போட, தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. கீற்று சரிந்தது. கஞ்சி அண்டா கவிழ்ந்து என் தட்டுகளின் மேலேயே கொட்டியது. நான் குனிவதற்குள் ஒரு பெண் போலீஸ் என் கையைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றிவிட்டார். "என் பெட்டி! என் பெட்டி!" என்று நான் கத்தினேன். பக்கத்தில் மண்டை உடைந்தவர்கள் இருக்கும்போது இவள் பெட்டிக்காகக் கத்துகிறாளே என்று எல்லோரும் என்னைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அங்கே நான் உட்காரவே இல்லை. சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். கணவருக்கு யார் சொல்வார்கள், வேலை போய்விட்டால் என்ன செய்வது, இதற்கெல்லாம் நடுவில் அந்தப் பெட்டி. சாயங்காலம் பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நேராகக் கம்பெனி வாசலுக்கு ஓடினேன். சரிந்த கீற்றுதான் கிடந்தது. பெட்டி இல்லை. ஒரு தட்டுகூட இல்லை.

"அந்தக் கருங்காலிப் பொம்பளைதான் வாரி எடுத்துக்கிட்டுப் போனா. நானே பார்த்தேன்" என்றார் டீக்கடைக்காரர்.

அதைக் கேட்டுச் சங்க ஆட்கள் கொதித்துவிட்டார்கள். வேலையையும் எடுத்துக்கொண்டாள், இப்போது பொருளையும் எடுத்துக்கொண்டாள் என்று பேச்சு. மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய் நாலு பேர் பார்க்க வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். கோபமா, பயமா, அவர்கள் ஏதாவது செய்துவிடக் கூடாதே என்ற கவலையா, எனக்கே தெரியவில்லை. கால் தானாக நடந்தது.

பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் ஓட்டு வீடு. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கூடத்தில் நிழலாக இருந்த பக்கம் ஒரு பழைய சேலையை விரித்து, அதன் மேல் என் தட்டுகளை ஒன்றோடு ஒன்று படாமல் வரிசையாகப் பரப்பியிருந்தாள். ஓரமாகப் பெட்டி. அதன் முள் பொருத்திய கை வளைந்திருந்தது. அவள் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேலே, முடியெல்லாம் காப்பித்தூளும் காய்ந்த ரத்தமுமாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டு வரலைக்கா. கொண்டாந்து வெச்சிருக்கேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியல. ஸ்ரீரங்கத்துல எந்தத் தெருன்னும் தெரியாது" என்றாள்.

நான் தட்டுகளின் பக்கம் குனிந்தேன். அவளே பேசினாள். "போலீஸ் வேன் நகர்ந்தாத்தான் எங்க வேன் போக முடியும். அதனால நின்னுக்கிட்டிருந்துச்சு. நீங்க பெட்டி பெட்டின்னு கத்தினது கேட்டுச்சு. இறங்கிட்டேன். எல்லாத்துலயும் கஞ்சி ஒட்டிக்கிட்டுக் காஞ்சுபோச்சு. நார் போட்டா கீறிடுமோன்னு கையாலதான் தேய்ச்சேன். நடுவுல இருந்த பேப்பர்தான் கொஞ்சம் ஊறி வந்துருச்சு, மன்னிச்சுக்கங்க."

"தலையில என்ன?" என்றேன்.

"கல்லு" என்றாள். "நான் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருக்கும்போது உங்க பக்கத்துலேருந்து யாரோ எறிஞ்சாங்க. திருடறேன்னு நினைச்சிருப்பாங்க."

என்னுடன் வந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவருக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. "இதெல்லாம் இருக்கட்டும். நாங்க எல்லாரும் வெயில்ல கிடக்கும்போது நீ எதுக்கும்மா உள்ள போனே?" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"பசிச்சுதுக்கா. போனேன்."

சமாதானம் சொல்லவில்லை. அழவில்லை. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர் மேஜையில் நின்றவளைப் பற்றி எங்களில் ஒருத்திகூட அதுவரை விசாரித்ததில்லை. பந்தலில் காய்ச்சிய கஞ்சியில் அவள் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று யாரும் அவளிடம் போய்ச் சொல்லவும் இல்லை.

கிளம்பும்போது, பாதி சிரிப்பும் பாதி தயக்கமுமாகக் கேட்டாள். "நீங்க போடற பாட்டு கம்பெனிக்குள்ள வரைக்கும் கேட்கும்க்கா. மிஷினை நிறுத்தினா இன்னும் நல்லா கேட்கும். ஏன் எதையும் முழுசா போட மாட்டேங்கறீங்க?"

அதன்பிறகு சீக்கிரமே ஸ்ட்ரைக் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாங்கள்தான் ஜெயித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம். ஜெயித்த கூட்டம் என்பதால் ஒரே ஆரவாரம். அதில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். உள்ளே போனவர்களோடு யாரும் பேசக் கூடாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அவர்களைச் சங்கத்தில் எப்போதும் சேர்க்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள்.

அதுவரை கூட்டத்தில் நான் பேசியதே இல்லை. பெண்கள் பின்வரிசையில் உட்காருவோம், கை தட்டுவோம், அவ்வளவுதான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"தோழரே, ஒண்ணு கேட்கணும்" என்றேன். "வேலைக்குப் போனது தப்புதான். ஆனா அன்னிக்கு எங்க பேக்கிங் பொண்ணு மண்டையில கல்லு எறிஞ்சது நம்ம ஆளு. அவங்களைத் தள்ளி வெக்கிறதுன்னா அந்த ஆளை என்ன செய்யப் போறோம்?"

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் என்னோடு ஒரே அண்டாவில் கஞ்சி குடித்தவர்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கல்லெறிந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் தீர்மானத் தாளை மேஜையில் வைத்தார். பிறகு, "இவங்க கேட்கிறது நியாயம்தான். ஆனா நானும் ஒண்ணு கேட்கிறேன். இன்னிக்கு இவங்களை ஒண்ணும் சொல்லாம விட்டா, நாளைக்கு ஸ்ட்ரைக்குன்னா எவன்மா வெளியில வந்து நிப்பான்?" என்றார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். நின்றுகொண்டே இருந்தேன், உட்காரத் தெரியாமல். அப்போது பின்வரிசையில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, "பேசக் கூடாதுங்கறதை எடுத்துடுங்க. மத்தது உங்க இஷ்டம்" என்றாள். இன்னும் சில பெண்கள் "ஆமாம்" என்றார்கள். இழுபறியாகப் பேசிப் பேசி, கடைசியில் தீர்மானத்தைப் பாதியாக வெட்டினார்கள். விலக்கி வைப்பது இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. எனக்கு அது வெற்றியாகவும் தெரியவில்லை, தோல்வியாகவும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதும், இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தனியாகச் சுவரோரம் போனாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி வந்தாள். சிலர் வரவில்லை. கடைசிவரை வராதவர்களும் உண்டு.

பெட்டியைச் சரிபண்ணிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். பேப்பர் கரைந்த தட்டுகளில் எது எந்தப் பாட்டு என்று எனக்கே தெரியாது. முள்ளை வைத்த பிறகுதான் தெரியும். சில இடங்களில் கஞ்சி இன்னும் தட்டின் கோடுகளுக்குள் ஒட்டியிருந்து கரகரவென்றது. நான் உயிராக நினைக்கிற வீணைத் தட்டைக் கேட்டுவிட்டு, "இது என்னக்கா, தூக்கம் வருது. சினிமாப் பாட்டு இல்லையா?" என்றாள் அவள். என் கணவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து அவளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எண்பதுகளில் மறுபடி ஒரு ஸ்ட்ரைக் வந்தது. அடுப்பு மூட்டும் முன்னால், யார் வீட்டில் என்ன நிலைமை, யார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போக வேண்டும் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த முறையும் சிலர் உள்ளே போனார்கள். ஆனால் பசியால் போனதாக ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

சங்கத்தை யாராவது குறைவாகப் பேசினால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் அதே சங்கத்தில் உட்கார்ந்து 'நாம்' என்று சொல்லும்போதெல்லாம், அந்த வார்த்தைக்கு வெளியே யாரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.