வடக்கு வீதி மூலை

என் வீட்டு விறாந்தையில் ஒரு தேக்கங் கதிரை இருக்கிறது. அதன் வலது கைப்பிடி மட்டும் எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கும். இடது கைப்பிடிக்கு அந்தப் பவிசு இல்லை. போன கிழமை, நிலத்தில் விழுந்த ஊசியை எடுக்கக் குந்தியவள் எழும்ப முடியாமல் அந்த வலது கைப்பிடியைப் பிடித்தேன். கதிரை வழுக்கிக்கொண்டு என்னோடு கூடவே வந்தது. நான் தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டேன். அறுபது வயதுப் பெண்பிள்ளை இப்படி நடு விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருப்பதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஆறுதல். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இதே கதிரை முன்பு இருந்த வீட்டில் வருடக்கணக்காக வழுக்காமல் நின்றது.

அது மிஸ்ஸின் கதிரை. ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் பிரதம இலிகிதர். எங்களுக்கெல்லாம் மிஸ், அவருடைய கணவரோ எங்களுக்கு அண்ணை. இந்த முறை எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்டதில்லை. அண்ணை துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், பகிடிக்காரர். அவர்கள் வீடும் என் வீடும் ஒரே ஒழுங்கை.

அவர்களுடைய பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் அண்ணை கடும் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அவர் எழும்பினால் தேர்த்திருவிழாவில் அடி அழிப்பதாக மிஸ், கோயில் அம்மாளுக்கு நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் தேருக்குப் பின்னால் ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, பெண்கள் அடி அழிப்பார்கள். ஈரச் சேலையோடு முழங்காலில் இருந்து, கையை முன்னால் நீட்டி நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு, எழும்பி, கை பட்ட இடத்துக்கு நடந்து, திரும்பவும் விழுந்து கும்பிட வேண்டும். கோயில் வீதி முழுக்க அப்படியே சுற்றி வாசலுக்கு வந்தால்தான் நேர்த்தி முடியும். அண்ணை எழும்பிவிட்டார். நேர்த்திதான் நின்றுபோனது. முதலில் கைக்குழந்தை, பிறகு தேர் வெளியில் வராத யுத்த வருடங்கள், அதற்குப் பிறகு முழங்கால் வீக்கம். ஓய்வு பெற்றபோது மிஸ்ஸுக்கு நிலத்தில் இருக்கவே முடியாது. கோயிலில் அம்மாளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர், இந்த வயதில் முழங்காலோடு மல்லுக்கட்டாமல் குளிசையைப் போட்டுக்கொண்டு இருக்கச் சொன்னாராம். மிஸ்ஸுக்கு வந்த கோபத்தில் மறுநாளே நடக்கத் தொடங்கிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்தார். விடியற்காலையில் உள்துறைமுகக் கரையோரமாக நடப்போம். குப்பைத் தொட்டியடியில் நிற்கும் ஊர் மான்கள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். ஞாயிறுகளில் பஸ் ஏறி உப்புவெளிக் கடலுக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று குந்திக் குந்தி எழும்புவார். தண்ணீருக்குள் உடம்பு சொன்னபடி கேட்கும். கரைக்கு வந்தால் பழையபடி மக்கர் பண்ணும். வீட்டில் சோறு குறைந்து குரக்கன் பிட்டு வந்தது. “நேர்த்தி உமக்கு, குரக்கன் எனக்கோ?” என்று கேட்டபடியே அண்ணை அதையும் சாப்பிட்டார்.

நிலத்தில் இருந்து எழும்புவதுதான் பெரும்பாடு. முதல்நாள் கதிரையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். மினுக்கிய சீமெந்து நிலம், கதிரை வழுக்கியது. அண்ணை பேப்பரோடு வந்து அதில் ஏறி இருந்துகொண்டார். கதிரை அசையவில்லை. மிஸ் வலது கைப்பிடியைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு காலை ஊன்றி எழும்பி நின்றார். அன்றிலிருந்து அதுவே அண்ணையின் உத்தியோகமானது. காலையில் தேத்தண்ணி குடித்தவுடன் கதிரையில் வந்து இருப்பார். மிஸ் பக்கத்தில் விழுந்து எழும்புவார். அண்ணை கைதூக்கி விட மாட்டார், பேப்பரில் இருந்து தலையையும் எடுக்க மாட்டார். ஆனால் அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பி நான் பார்த்ததில்லை. மாதங்கள் போக, மிஸ்ஸின் பிடி விரல் நுனிக்குச் சுருங்கியது. எனக்கே பொறாமையாக இருந்தது.

மிஸ் சுறுசுறுப்பாக விழுந்து எழும்பத் தொடங்கியபோது அண்ணை ஒரு பகிடி விட்டார்.

“இந்த நேர்த்தி முடியட்டும் எண்டுதான் அம்மாள் என்னை வைச்சுக்கொண்டிருக்கிறா. ஆறுதலாப் பழகும், அவசரமில்லை.”

நான் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

தேரன்று மிஸ் குளித்து ஈரச் சேலையோடு வந்தார். அப்போதுதான் எங்கள் மடைத்தனம் எனக்கு உறைத்தது. பழகியது எல்லாம் காலை வீசி நடக்கக்கூடிய ஹவுஸ்கோட்டில். ஈரச் சேலையோ முழங்காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. வீதி மணலும் தணலாய்க் கொதித்தது. இளைஞர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். மிஸ் விடவில்லை. தெற்கு வீதியும் மேற்கு வீதியும் கடந்து வடக்கு வீதியின் கடைசி மூலைக்கு வந்துவிட்டார். அந்த மூலை திரும்பினால் வாசல். அங்கே கும்பிட்டு எழும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சுற்றி நின்ற பெண்கள், இந்த வயதில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்று தேற்றினார்கள். அண்ணை வீதியோரத்தில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் சேலையைத் திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணை சோடா வாங்கக் கடைக்குள் போன நேரம் மிஸ் என் கையைப் பிடித்தார்.

“கால் ஏலாமல் இல்லைப் பிள்ளை. மூலையில வாசல் தெரிஞ்சது. நேர்த்தியை முடிச்சிட்டா அவரை அம்மாள் கூப்பிட்டிடுவாவோ எண்டு பயம் வந்திட்டுது. கொஞ்சத்தை மிச்சம் விட்டிட்டன். அவருக்குச் சொல்லிப்போடாதையும்.”

அலுவலகத்தில் ஒரு ஃபைலைக்கூட அரைகுறையாக விடாத மனுசி. அவர் கையை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மிஸ் அடி அழித்தார். மிச்சம் விட்டதால் அடுத்த வருடம் வரவேண்டும். வரவேண்டுமென்றால் உடம்பு வளைய வேண்டும். நடை, கடல், குரக்கன், கதிரை. இப்போது சேலை கட்டித்தான் பழகினார். முழங்கால் வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனாலும் வருடா வருடம் அந்த வடக்கு வீதி மூலையில் நின்றுவிடுவார். ஊர் அதை முழங்காலின் கணக்கில் எழுதியது. ஒரு தேரன்று குடைக்குள் என் பக்கத்தில் நின்ற அண்ணை மெல்லச் சொன்னார்.

“மூலையில நிண்டிடுவா, பாரும். எனக்காகத்தான் நிக்கிறா. நான் தெரியாதமாதிரி இருக்கிறன்.”

அன்று மிஸ் நின்றபோது நான் அவரைப் பார்க்கவில்லை, அண்ணையின் முகத்தையே பார்த்தேன். அப்படி ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பேரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

நேர்த்தி முடியாமலே அண்ணை போய்விட்டார். ஒரு மாரிகாலத்தில் நெஞ்சில் சளி கட்டி, சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, அமைதியாகப் போனார். மிஸ் அதற்காக அம்மாளைக் கோபிக்கவில்லை. “கேட்டதிலும் கூடத்தான் தந்தவ” என்று மட்டும் சொன்னார். சில மாதங்கள் கழித்து நான் போனபோது விறாந்தையில் கதிரை வெறுமையாக இருந்தது. மிஸ் அதைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, நடு நிலத்தில் ஒன்றையும் பிடிக்காமல் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார். பிடித்தால் வழுக்குது என்றார்.

ஆண்டுத் திவசம் முடிந்து வந்த தேரில் மிஸ் கடைசித் தடவையாக அடி அழித்தார். வடக்கு வீதி மூலை வந்தது. அவர் நிற்கவில்லை. மூலை திரும்பி, விழுந்து, எழும்பி, வாசல்வரை வந்தார். வாசலில் நெற்றியை நிலத்தில் வைத்தவர் வெகுநேரம் எழும்பவில்லை. தூக்கிவிடப் போன என்னைக் கையசைத்து நிறுத்தினார். பிறகு ஒரு காலை ஊன்றி, வலது கையைப் பக்கத்தில் இருந்த வெறுங் காற்றில் ஒரு கணம் வைத்து, தானாகவே எழும்பி நின்றார்.

இப்போது மிஸ் கனடாவில் மகளோடு இருக்கிறார். போகும்போது கதிரையை எனக்குத் தந்தார். நேற்றுப் போனில் நான் விழுந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கதிரையில் ஆர் இருந்தது என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். அதுதானே என்றார்.

இன்று காலை தேத்தண்ணியோடு என் மனுசனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னேன். நான் நிலத்தில் இறங்கி வலது கைப்பிடியைப் பிடித்தேன். அவர் பயந்துபோய்க் கையை நீட்டினார். தான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்.

“ஒண்டும் செய்ய வேண்டாம்,” என்றேன். “எழும்பிப் போகாமல் இருங்கோ.”